ஸ்ரீகோசங்களைக் காத்தல்: அன்றும் இன்றும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஸ்ரீவைஷ்ணவ ஸம்பிரதாயத்தில் நூலை ‘ஸ்ரீகோசம்’ என்று வழங்குவது மரபு. ‘கோசம்’ என்னும் வடசொல்லுக்குப் பொக்கிஷம் என்றும் உறை என்றும் பொருள் உண்டு. பெரியோர் அருளிச்செய்த அர்த்தவிசேஷங்களாகிய நிதியைத் தன்னுள் பொதிந்து வைத்திருப்பதால் ஓலைச்சுவடிக்கு இப்பெயர் நன்கு பொருந்துவதாயிற்று. நிதியை ஈட்டுதல் ஒரு திறம். அதனைக் காத்தல் ஒரு திறம். உரியவர்க்கு வழங்குதல் மற்றொரு திறம். பின்னிரண்டும் இன்று எவ்வாறு நடைபெறுகின்றன, பல தேசத்தாரும் கூடி ஏடுகளைக் கணினிப் படிமங்களாக மாற்றி உலகோர் காண வைக்கும் முயற்சி எத்தகையது, அதில் திருக்கோயிலாரும் அர்ச்சகர் குடும்பத்தாரும் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பவற்றைப் பூர்வாசார்யர்களின் சரிதத்தை முன்னிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூர்வாசார்யர்கள் காட்டிய வழி

ஸ்ரீமந்நாதமுனிகள் இல்லையேல் திவ்யப்பிரபந்தம் இல்லை என்பது யாவரும் அறிந்தது. வீரநாராயணபுரத்தில் எழுந்தருளியிருந்த நாதமுனிகள், மேல்நாட்டிலிருந்து வந்த யாத்திரிகர் சிலர் ‘ஆராவமுதே’ என்று தொடங்கும் திருவாய்மொழிப் பதிகத்தைச் சேவிக்கக் கேட்டார். அப்பதிகத்தின் முடிவினால் ஆயிரம் பாசுரங்கள் இருந்தமை புலப்பட்டது. வந்தவர்களோ அந்தப் பதிகம் ஒன்றையே அறிவர். திருக்குடந்தையில் விசாரித்தும் மிகுதி கிடைத்திலது. பின்னர்த் திருக்குருகூர் சென்று, பராங்குசதாசரிடம் ‘கண்ணிநுண்சிறுத்தாம்பு’ உபதேசம் பெற்று, அதனைப் பன்னீராயிரம் உரு அநுஸந்தித்து, நம்மாழ்வாருடைய திருவருளால் நாலாயிரமும் பெற்றார் என்று குருபரம்பரை கூறும். ஒரு காலத்தில் எங்கும் ஓதப்பட்ட நூலும் பேணுவாரின்றேல் ஒரு பதிக அளவாகச் சுருங்கிவிடும் என்பது இதனால் பெறப்படும் முதற்பாடம்.

இரண்டாவது, எம்பெருமானார் போதாயன விருத்தியைத் தேடிக் காச்மீரம் சென்ற வரலாறு. பிரம்மஸூத்திரங்களுக்குப் பூர்வர்கள் இட்ட அவ்வுரை சாரதாபீடத்தில் இருந்தது. அரிதின் முயன்று அதனைப் பெற்றுத் திரும்புகையில், அங்கிருந்த பண்டிதர்கள் பின்தொடர்ந்து வந்து ஏட்டைப் பறித்துச் சென்றனர். எம்பெருமானார் வருந்தியபோது, உடன் சென்ற கூரத்தாழ்வான், தாம் இரவுதோறும் அந்த ஏட்டை வாசித்து நெஞ்சில் தரித்திருப்பதை விண்ணப்பித்தார். அந்த ஞாபகபலத்தைத் துணையாகக் கொண்டே ஸ்ரீபாஷ்யம் அவதரித்தது. இனி இதன் பின்விளைவையும் நோக்க வேண்டும். எவருக்கும் கொடோம் என்று பூட்டி வைக்கப்பட்ட அந்த விருத்திக்கு இன்று ஓர் ஏடுதானும் இருப்பதாகத் தெரியவில்லை. அதிலிருந்து ஸ்ரீபாஷ்யகாரர் எடுத்தாண்ட வாக்கியங்களே எஞ்சியுள்ளன. பலருக்கும் படியெடுத்து வழங்கப்பட்ட ஸ்ரீபாஷ்யமோ தேசமெங்கும் பரவி நிலைத்து நிற்கின்றது. பூட்டிய பேழை காவலாகாது. படிகள் பலவாதலே காவல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது, நம்பிள்ளையின் சரிதம். நஞ்சீயர் திருவாய்மொழிக்குத் தாம் இட்ட ஒன்பதினாயிரப்படியை அழகாகப் படியெடுத்துத் தரும்படி வரதராஜர் என்பவரிடம் ஒப்படைத்தார். அவர் காவேரியைக் கடக்கையில் வெள்ளம் பெருகி, சுவடி ஆற்றோடு போயிற்று. காலக்ஷேபத்தில் கேட்டவற்றை நினைவிற்கொண்டே அவர் வியாக்கியானம் முழுவதையும் எழுதி ஸமர்ப்பிக்க, நஞ்சீயர் உகந்து அவரை ‘நம்பிள்ளை’ என்று அணைத்துக்கொண்டார். நினைவாற்றல் மிக்க அத்தகைய சீடர் வாய்த்தமையால் நூல் பிழைத்தது. வாயாதிருப்பின் என்னாகும்? ஒரே பிரதியை நம்பியிருக்கும் நூலின் ஆயுள் ஒரு வெள்ளத்தின் கையில் இருக்கிறது.

நான்காவது, பெரியவாச்சான்பிள்ளை பெரியாழ்வார் திருமொழிக்கு அருளிய வியாக்கியானம் பெரும்பகுதி செல்லரித்து இழக்கப்பட்டது. மணவாளமாமுனிகள் அழிந்துபோன பகுதிக்கு மட்டும் உரையிட்டு, எஞ்சியிருந்த பகுதி தொடங்கும் இடத்தோடு பொருந்துமாறு நிறைவு செய்தருளினார். முன்னோர் வாக்கு ஒரு சொல் இருந்தாலும் அதனை மாற்றாமல் காப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு அவருடைய அடக்கமே எடுத்துக்காட்டு.

ஐந்தாவது, 1323-ஆம் ஆண்டில் திருவரங்கத்தில் துருக்கப்படை புகுந்தபோது, ச்ருதப்பிரகாசிகை ஆசிரியராகிய சுதர்சனஸூரி தம் நூலையும் இரு புதல்வர்களையும் வேதாந்ததேசிகரிடம் ஒப்புவித்தார். தேசிகர் உயிரற்ற உடல்களின் நடுவே இரவைக் கழித்து, சுவடியையும் சிறுவர்களையும் காத்து, காவேரிக்கரையிலுள்ள ஸத்யாகாலம் சென்றடைந்தார் என்பர். ஓர் ஊருக்கு ஆபத்து வந்தபோது வேற்றூரில் வைக்கப்பட்ட நூல் பிழைத்தது என்பதே இதன் ஸாரம்.

இவ்வைந்தையும் கூட்டி நோக்கினால், நூல் காத்தற்குரிய விதிகள் தாமே புலப்படும். பிரதிகள் பல வேண்டும். அவை பல இடங்களில் இருத்தல் வேண்டும். உள்ளதை உள்ளவாறே காத்தல் வேண்டும். வாசித்துப் பொருள் அறிவார் தொடர்ந்து இருத்தல் வேண்டும். இன்று கணினியைக் கொண்டு உலகத்தார் செய்யும் பணி இவ்விதிகளின் விரிவேயன்றிப் புதிதன்று.

ஓலையின் ஆயுள்

தென்னாட்டில் பனையோலையும் தாளிப்பனையோலையும் எழுதுவதற்குப் பயன்பட்டன. ஓலையைப் பதப்படுத்தி, ஒரே அளவாக நறுக்கி, துளையிட்டு, எழுத்தாணியால் கீறி, விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவினால் எழுத்து கருமையாகத் தோன்றும். மேலும் கீழும் சட்டம் வைத்துக் கயிற்றால் கட்டி, துணியில் சுற்றி வைப்பர். இவ்வளவு செய்தும், வெப்பமும் ஈரமும் மாறி மாறி வரும் நம் நாட்டில் ஓர் ஏடு சில நூற்றாண்டுகளுக்கு மேல் நிற்பது அரிது. செல்லும் இராமபாணப்பூச்சியும் துளைக்கும், ஓரங்கள் உதிரும், ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் எழுதிக்கொள்வதைப் பெரியோர் நித்தியகர்மம் போலவே கருதினர். மாமுனிகளும் முன்னோர் கிரந்தங்களைத் தேடித் தாமே படியெடுத்து வைத்தார் என்று கூறுவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு பரவியது. அச்சேறிய நூல்கள் பிழைத்தன. அச்சேறாதவற்றைப் படியெடுப்பாரும் இலராயினர். ஏட்டை வாசிக்கத் தெரியாத தலைமுறை வந்தபின், ஆடிப்பெருக்கில் பழஞ்சுவடிகளை ஆற்றில் விடுவதும் சில இடங்களில் நிகழ்ந்தது. இவ்வாறு இழந்தவை எத்துணை என்று கணக்கிடுதல் இயலாது.

ஆகம நூல்களுக்கு இந்த இழப்பு மிகுதி. பாஞ்சராத்திர ஸம்ஹிதைகள் நூற்றெட்டு என்பது வழக்கு. ஆயினும் பல நூல்களில் வரும் பட்டியல்களைத் தொகுத்து நோக்கின் இருநூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் கிடைக்கின்றன. ஸாத்வதம், பௌஷ்கரம், ஜயாக்கியம் என்னும் ரத்னத்திரயம் அச்சில் உள்ளன. ஈச்வரம், பாரமேச்வரம், பாத்மம் முதலியனவும் உள்ளன. பெயரளவில் மட்டும் நிற்கும் ஸம்ஹிதைகளே பெரும்பாலன. இவற்றுள் ஒன்று எந்த அர்ச்சகர் திருமாளிகையின் பரண்மேல் எந்த மூட்டையில் கிடக்கின்றதோ, யார் அறிவார்?

கடல் கடந்த கூட்டுறவு

நம் ஏடுகளைக் காக்கும் பணியில் அயல்நாட்டார் பங்குகொள்வது இன்று நேற்று வந்ததன்று. சென்னை அடையாறு நூலகத்தில் இருந்த ஜெர்மானியரான ஓட்டோ ஷ்ராடர், பாஞ்சராத்திரத்தைப் பற்றியும் அஹிர்புத்ந்ய ஸம்ஹிதையைப் பற்றியும் ஒரு முன்னுரை நூலை 1916-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் எம். டி. ராமாநுஜாசாரியர் பதிப்பித்த அந்த ஸம்ஹிதையும் அச்சில் வந்தது. வைகானஸ ஸ்மார்த்த ஸூத்திரத்தை நெதர்லாந்து நாட்டுப் பண்டிதர் காலந்து 1927-இல் பதிப்பித்து, 1929-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். காச்யபரின் ஞானகாண்டத்தை அந்நாட்டவரான கௌத்ரியான் 1965-இல் மொழிபெயர்த்தார். அச்சேறிய பாஞ்சராத்திர நூல்கள் அனைத்துக்கும் விரிவான விவரப்பட்டியல் ஒன்றை அமெரிக்கரான டேனியல் ஸ்மித் தயாரிக்க, அதன் முதற்பகுதி 1975-இல் பரோடாவிலிருந்து வெளிவந்தது. நம் பண்டிதர்கள் பாடத்தை உணர்ந்து சொல்ல, அவர்கள் ஒப்புநோக்கும் முறையைக் கொண்டுவர, இருவர் உழைப்பாலும் நூல்கள் விளங்கின.

கூட்டுறவின் பெரும்பயனைக் காண விரும்புவோர் நேபாள தேசத்தை நோக்க வேண்டும். மலைநாட்டின் குளிர்ச்சியினால் அங்கே ஓலை நெடுங்காலம் நிற்கும். ஒன்பதாம் நூற்றாண்டு ஏடுகளும் காட்மண்டுவில் இன்றும் உள்ளன. 1970-இல் நேபாள அரசும் ஜெர்மானியரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டு, மைக்ரோபிலிம் என்னும் நுண்படச் சுருள்களில் அந்நாட்டுச் சுவடிகளைப் படமெடுக்கத் தொடங்கினர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த அப்பணியில் ஏறத்தாழ 1,80,000 சுவடிகள் படமாயின. சுவடி உரியவரிடமே இருந்தது; படச்சுருள் காட்மண்டுவிலும் அதன் பிரதி பெர்லின் நகர நூலகத்திலும் வைக்கப்பட்டன. பின்னர் 2002 முதல் 2014 வரை ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தார் அவற்றுக்கு விவரப்பட்டியல் அமைத்தனர்.

இதனால் வைணவர்க்கு வந்த பயன் யாது எனின், சொல்லுதும். ஸ்வாயம்புவ பாஞ்சராத்திரம், தேவாம்ருத பாஞ்சராத்திரம், அஷ்டாதசவிதானம் என்னும் மூன்று பழம்பெரும் நூல்கள் நேபாளத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட ஏடுகளில் இருந்தன. திவாகர ஆசாரியர் என்னும் நேபாள நாட்டு அறிஞர் அவற்றை ஆராய்ந்து பதிப்பிக்க, 2015-இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுக் கல்லூரியும் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்டன. ஏடு நேபாளத்தது, ஆராய்ச்சித் திட்டம் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் கூடியது, அச்சான இடம் புதுச்சேரி. எம்பெருமானார் திருவவதரித்த 1017-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்து ஏடு ஒன்றினின்று பாஞ்சராத்திர நூல் ஒன்று இந்நாளில் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தென்னாட்டு ஈரத்தில் என்றோ உதிர்ந்து போயிருக்கக்கூடியது, இமயமலைச் சாரலில் காத்திருந்தது.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தை 1955-இல் தொடங்கியவர் ழான் ஃபிலியோசா. தமிழ்நாட்டுச் சிவாசாரியார் இல்லங்களிலிருந்தும் கோயில்களிலிருந்தும் சேகரிக்கப்பட்ட சைவாகமச் சுவடிகள் அங்கே மிகுதியாக உள்ளன. புதுச்சேரியில் உள்ள ஏறத்தாழ 11,000 சுவடிகள் 2005-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனத்தாரால் ‘உலக நினைவுப் பதிவேட்டில்’ சேர்க்கப்பட்டன. 1992-இல் தொடங்கப்பட்ட அப்பதிவேட்டில், சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடிகள் 1997-இலும், புனே பண்டார்க்கர் நிறுவனத்து ரிக்வேதச் சுவடிகள் முப்பது 2007-இலும் இடம்பெற்றன. 2025 ஏப்ரலில் ஸ்ரீபகவத்கீதைச் சுவடிகளும் பரதரின் நாட்டியசாஸ்திரச் சுவடிகளும் சேர்க்கப்பட்டமை ஆஸ்திகர் அனைவரும் மகிழத்தக்கது. சைவாகமங்களுக்கு வாய்த்த அளவு பெரியதொரு தொகுப்பு வைணவாகமங்களுக்கும் ஓரிடத்தில் அமைந்து அப்பதிவேட்டில் ஏறுதல் வேண்டும். அதற்கு முதற்படி, ஏடுகள் எங்கெங்கு உள்ளன என்பதை அவற்றை வைத்திருப்போரே வெளிப்படுத்துவதாகும்.

நம் அரசும் வாளாவிருக்கவில்லை. 2003-இல் தேசியச் சுவடிகள் இயக்கம் தொடங்கப்பட்டது. 2025-26-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளை ஆவணப்படுத்தும் நோக்குடன் ஞானபாரதம் இயக்கம் அறிவிக்கப்பட்டது. நூலகங்களிலுள்ள சுவடிகளோடு தனியாரிடமுள்ள சுவடிகளும் அதன் எல்லைக்குள் அடங்கும்.

படிமம் எடுக்கும் முறை

கணினிப் படிமம் எடுத்தல் என்பது ஏட்டைப் படம்பிடிப்பது மட்டுமன்று. முதலில் மென்மையான தூரிகையால் தூசி நீக்குவர். ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பயின்றவர் மட்டுமே பிரிப்பர். வலிந்து பிரித்தால் எழுத்தோடு மேற்புறம் உரிந்துவிடும். எழுத்து மங்கியிருப்பின் கரிமை தடவுவர். வறண்ட ஓலைக்கு எலுமிச்சைப்புல் தைலம் இடுவர். பின்பு ஒவ்வோர் ஏட்டின் இருபுறமும் நேர்மேலிருந்து படமெடுப்பர். ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகளுக்குக் குறையாத நுண்மை வேண்டும் என்பது பொதுவிதி. அளவுகோலும் நிற அட்டையும் உடன் வைத்து எடுப்பதால் ஏட்டின் மெய்யான அளவும் நிறமும் பின்வருவோர்க்கு விளங்கும். சேமிப்பதற்கு ஒரு பெரும்படிமமும், காண்பதற்கு ஒரு சிறுபடிமமும் ஆக இருவகையாக வைப்பர்.

இவ்வளவும் செய்தபின், விவரக்குறிப்பு இல்லையேல் அனைத்தும் வீண். நூலின் பெயர், எழுதியவர், லிபி, ஏடுகளின் தொகை, தொடக்கமும் முடிவும், ஏட்டின் இறுதியில் எழுதியவர் குறித்த ஆண்டும் ஊரும் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். அறுபதாண்டு வட்டத்தில் வரும் பெயரை மட்டும் எழுதிவைத்திருப்பின், எந்தச் சுற்று என்பதை எழுத்தின் வடிவத்தாலும் பிற குறிப்புகளாலும் அறிதல் வேண்டும். இங்குதான் கிரந்த லிபியும் மணிப்பிரவாளமும் அறிந்த வித்வானின் துணை இன்றியமையாததாகின்றது. கருவியை இயக்குபவர் ஆயிரவர் கிடைப்பர். ஏட்டை வாசிப்பவர் ஒருவர் கிடைப்பது அரிது.

கிரந்த எழுத்துக்கள் 2014-இல் ஒருங்குறி என்னும் யூனிக்கோட் முறையில் இடம்பெற்றன. ஆதலின் ஏட்டிலுள்ளதை அதே லிபியில் கணினியில் எழுதித் தேடவும் கூடும். நூலகங்கள் பல சேர்ந்து 2011-இல் தொடங்கிய ஒரு பொதுமுறையினால், வேறுவேறு தேசத்து நூலகங்களிலுள்ள படிமங்களை ஒரே திரையில் அருகருகே வைத்து ஒப்பிடலாம். ஒரு சுவடியின் முற்பாதி ஓர் ஊரிலும் பிற்பாதி மற்றோர் ஊரிலும் பிரிந்து கிடப்பினும், அவை இருந்த இடத்திலிருந்தே திரையில் ஒன்றுகூடும். பாடபேதம் காண்பதற்காகப் பல ஊர் திரிந்த பழம்புலவர்கள் கண்டிருப்பின் எத்துணை மகிழ்ந்திருப்பர்!

ஏனையோர் அநுபவம்

பிற சமயத்தாரும் பிற நாட்டாரும் இத்துறையில் பெற்ற அநுபவம் நமக்குப் பயன்படும். ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுத் திம்புக்து நகரை 2012-இல் ஆயுதம் தாங்கிய குழுவினர் கைப்பற்றினர். அங்குள்ள குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்த இஸ்லாமியச் சுவடிகளை இரும்புப் பெட்டிகளில் வைத்துச் சாலை வழியாகவும் படகிலும் தலைநகரமான பமாக்கோவுக்குக் கடத்திக் காத்தனர். 2013 ஜனவரியில் ஓடிப்போனவர்கள் ஒரு நூலகத்துச் சுவடிகளுக்குத் தீ வைத்தனராயினும், பெரும்பகுதி முன்னரே வெளியேறியிருந்தது. வேதாந்ததேசிகர் ஸத்யாகாலம் சென்ற வரலாற்றைக் கேட்டவர்க்கு இந்நிகழ்ச்சி அந்நியமாகத் தோன்றாது. பின்னர் அச்சுவடிகளைப் படிமமாக்க உதவியவர்களுள் ஒரு சாரார், அமெரிக்காவில் மினசோட்டாவிலுள்ள கிறிஸ்தவத் துறவிமடம் ஒன்றைச் சார்ந்த சுவடி நூலகத்தார். 1965-இல் தம் சமயச் சுவடிகளைப் படமெடுக்கத் தொடங்கியவர்கள், பிற சமயத்தாரின் சுவடிகளையும் காக்க முன்வந்தனர். ஏடு அழிவது எந்தச் சமயத்தாருக்கும் துக்கமே என்னும் உணர்வு இப்பணியில் வேற்றுமையைக் களைந்துவிடுகிறது.

இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தார் 2004 முதல் அழிநிலையிலுள்ள ஆவணங்களுக்கென ஒரு திட்டத்தை நடத்துகின்றனர். அதன் விதி கவனிக்கத்தக்கது. மூல ஏடு தன் நாட்டை விட்டு வெளியேறலாகாது. படிமத்தின் ஒரு பிரதி உள்ளூரிலும் ஒரு பிரதி இலண்டனிலும் இருக்கும். முற்காலத்தில் அயலார் ஏட்டையே கொண்டு சென்றனர். இன்று ஏடு இருந்த இடத்தில் இருக்க, அதன் உருவம் மட்டுமே செல்கிறது. இஃது ஒரு பெரிய மாறுதல்.

ஆயினும், கணினியில் ஏறியது என்றும் அழியாது என்று கருதுவது மயக்கம். 2023 அக்டோபரில் அதே பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைத் தீயோர் தாக்கினர். பல மாதங்கள் வரையில் அந்நூலகத்தின் இணையச் சேவைகள் பல முடங்கின. படிமங்கள் அழியாதிருந்தும் அவற்றைக் காணும் வழி அடைபட்டது. தவிரவும், இன்றைய வட்டுக்களை நாளைய கருவி வாசிக்காமற் போகலாம். ஓலைக்குச் செல் போல, படிமத்துக்கும் அதற்குரிய செல் உண்டு. 2003-இல் யுனெஸ்கோ வெளியிட்ட சாஸனமும், கணினியில் உள்ள மரபுச்செல்வம் எளிதில் அழியக்கூடியது என்பதையே வற்புறுத்துகிறது. ஆகவே காலந்தோறும் பழைய ஏட்டைப் புதிய ஏட்டில் படியெடுத்த முன்னோர் போல, காலந்தோறும் படிமத்தையும் புதிய வட்டில் மாற்றி வைத்தல் வேண்டும். வெப்பம் தாங்கி, மின்சாரமும் கருவியும் வேண்டாமல் முந்நூறு ஆண்டு நின்ற ஓலையைப் படம் எடுத்தாயிற்று என்று எறிந்துவிடுதல் பெரும் அபசாரமாகும்.

ரகஸ்யமும் பிரகாசமும்

இனி, ஆஸ்திகர் உள்ளத்தில் எழும் ஓர் ஆக்ஷேபத்தை ஆராய வேண்டும். ‘ஆகமம் தீக்ஷை பெற்றவர்க்கு உரியது, மந்திரம் ஆசார்யமுகமாகவே பெறத்தக்கது, அவற்றை உலகோர் யாவரும் காணும்படி இணையத்தில் இடுதல் தகுமோ?’ என்பது கேள்வி. இதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது. அதிகாரம் பாராமல் உபதேசிப்பது சாஸ்திர ஸம்மதமன்று என்பதும் உண்மை.

திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து ரகஸ்யார்த்தம் பெற்ற எம்பெருமானார், ஆசையுடையோர்க்கெல்லாம் அதனை வெளியிட்டருளினார். வெளியிட்டது திருமந்திரார்த்தம் என்றும் சரமச்லோகார்த்தம் என்றும் குருபரம்பரைகள் இருவகையாகக் கூறும். எதுவாயினும், ‘ஆசையுடையோர்க்கு’ என்பதே இங்கு உயிரான சொல். விலையும் குலமும் பாராது ஆசையை மட்டுமே பார்த்தார். ஆசையில்லாதவர்க்குத் திணிக்கவும் இல்லை.

ஈடு முப்பத்தாறாயிரப்படியின் வரலாறு மற்றொரு பக்கத்தைக் காட்டும். நம்பிள்ளை பகலில் அருளிச்செய்ததை வடக்குத் திருவீதிப்பிள்ளை இரவில் ஏடுபடுத்த, தம் அநுமதியின்றி எழுதியதைக் கண்ட நம்பிள்ளை அதனை வாங்கி வைத்துக்கொண்டார். பின்னர் நம்பெருமாள் நியமனத்தால் ஈயுண்ணி மாதவப்பெருமாளிடம் சேர்ந்து, ஓராண்வழியாக வந்து, மணவாளமாமுனிகள் காலத்தில் திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டு காலம் விளக்கப்பட்டு, ஆனி மூலத்தில் சாற்றுமுறை கண்டது. ஆக, காலம் வரும்வரை அடக்கிக் காத்தலும் ஸம்பிரதாயமே. காலம் வந்தபின் வெளியிடுதலும் ஸம்பிரதாயமே. இரண்டிலும் ஏடு அழியவில்லை என்பதைக் காண்க. அடக்கம் என்பது அழிவுக்கு மறுபெயர் ஆகலாகாது.

எனவே படிமமாக்கலையும் வெளியிடுதலையும் இருவேறு செயல்களாகப் பிரித்துக் கொள்வதே தகும். படிமமாக்கல் உடனே செய்யத்தக்கது. ஏனெனில் செல் நம் விவாதம் முடியும்வரை காத்திராது. வெளியிடுவதோ, ஆசார்யர்களும் வித்வான்களும் கூடி நிச்சயித்துச் செய்யத்தக்கது. இது கூடும் என்பதற்கு ஆஸ்திரேலியா தேசத்துப் பழங்குடியினரான வாருமுங்கு மக்கள் சான்று. அவர்களுடைய மரபுப்படி சில படங்களைச் சிலரே காணலாம். அவ்விதியைக் கணினியும் மதிக்குமாறு ‘முகுர்த்து’ என்னும் முறையை ஆராய்ச்சியாளருடன் கூடி 2007-இல் அமைத்துக்கொண்டனர். எதனை யார் காணலாம் என்பதை உரியவர்களே வகுக்கின்றனர். ஸ்தோத்திரம், ஸ்தலபுராணம், வியாக்கியானம், கோயில் ஒழுகு முதலியவற்றை யாவர்க்கும் திறந்து வைத்து, மந்திரோத்தாரம் முதலிய பகுதிகளை அதிகாரிகளுக்கு மட்டும் வைத்தல் நமக்கும் இயலும்.

‘ஏட்டை அந்நியர் தீண்டுவரே’ என்னும் கவலைக்கும் வழியுண்டு. ஏட்டைப் புரட்டும் பணியை அவ்வில்லத்துச் சிறுவர்களே ஆசாரத்தோடு செய்யலாம். படமெடுப்பவர் ஏட்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அவ்வாறு புரட்டும் சிறுவன் எழுத்தைக் காணும் ஆசை கொண்டால், அது மற்றொரு லாபம்.

செய்யத்தக்கவை

ஏடுகளை வைத்திருக்கும் திருமாளிகையாரும் திருக்கோயிலாரும் கருதத்தக்கவை வருமாறு:

முதலாவது, வாசிக்கத் தெரியவில்லை என்ற காரணத்தால் எந்த ஏட்டையும் ஆற்றில் விடுதலும் அடுப்பில் இடுதலும் ஆகாது. உதிர்ந்த ஏடாயினும் தனியே துணியில் கட்டி வைக்க வேண்டும்.

இரண்டாவது, எந்த நிறுவனத்தார் வந்தாலும் எழுத்து மூலமான உடன்பாடு வேண்டும். மூல ஏடு இடம் பெயரலாகாது. அன்றிச் செம்மைப்படுத்தக் கொண்டுபோனால் திருப்பித்தரும் நாள் குறிக்கப்பட வேண்டும். படிமத்தின் முழுப்பிரதி உரியவர்க்கும் தரப்பட வேண்டும். படிமம் தமக்கே உரியது, விலைக்கே தருவோம் என்னும் நிபந்தனைக்கு இசையலாகாது. ஏடு காத்த குடும்பத்தின் பெயர் விவரக்குறிப்பில் இருப்பது நியாயம்.

மூன்றாவது, படிமங்களை மூன்று இடங்களிலேனும் வைத்தல் நலம்: திருக்கோயிலில் ஒன்று, நம் நாட்டு நூலகத்தில் ஒன்று, கடல் கடந்த நூலகத்தில் ஒன்று. ஓர் ஊர் வெள்ளமும் ஒரு நூலகத்துத் தீயும் ஒரு கணினித் தாக்குதலும் மூன்றையும் ஒருங்கே அழிக்கமாட்டா.

நான்காவதும் முதன்மையானதும் ஒன்றுண்டு. வேதபாடசாலைகளிலும் ஸம்ஸ்கிருத பாடசாலைகளிலும் கிரந்த ஏடு வாசிக்கும் பயிற்சியைப் பாடமாக வைத்தல் வேண்டும். நாகரத்திலும் அச்சுப்புத்தகத்திலும் மட்டும் பயின்ற மாணவன் தன் பாட்டனார் எழுதிய ஏட்டின் முன் எழுத்தறியாதவனாக நிற்கிறான். கோடிப் படிமங்கள் உலகெங்கும் விளங்கினாலும், வாசிப்பவன் இல்லையேல் அவை கண்ணாடியில் தோன்றும் பழத்திற்கு ஒப்பாகும். இப்பொழுது ஏடு வாசிக்க வல்ல முதியோர் எண்ணிக்கையில் சிலரே. அவர்கள் இருக்கும்போதே கற்றுக்கொள்வது, ஏட்டைப் படம் எடுப்பதினும் அவசரமானது.

ஆசார்யமுகமாக வரும் ஞானத்தைக் கணினி தராது. தருவதாக அதுவும் சொல்லவில்லை. அது காப்பது எழுத்தை. எழுத்துக்கு உயிர் தருவது உபதேசம். ஆயினும் எழுத்தே அழிந்தபின் எதனைக் கொண்டு உபதேசிப்பது? நாதமுனிகளுக்கு ஆழ்வார் பிரத்யக்ஷமாயினார். நமக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கும் என்று ஏட்டைச் செல்லுக்கு விட்டிருத்தல் விவேகமன்று. திருவிழாக் காலத்தில் எம்பெருமான் வாகனம் ஏறி வீதியில் எழுந்தருளி, ஸந்நிதிக்கு வர இயலாதார்க்கும் ஸேவை ஸாதிக்கிறான். உள்ளே மூலவர் அசையாதிருக்க, வெளியே உத்ஸவர் அனைவர்க்கும் எளியராகிறார். அதுபோல மூல ஏடு தன் இல்லத்தில் பத்திரமாக இருக்க, அதன் படிமம் தேசங்கள் தோறும் எழுந்தருளட்டும். அதற்கு உரிய ஊக்கத்தை எம்பெருமான் அனைவர்க்கும் அருள்வானாக.

ஆழ்வார் எம்பெருமானார் திருவடிகளே சரணம்.
சுபமஸ்து.